பூட்டிய அறையும் ஒரு இரத்தக்காட்டேரியும்



பெற்றோர் சந்திப்பு நாளில் என்னிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், பையன் எப்போது பார்த்தாலும் பேய்க்கதையே பார்க்கிறான். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. என்ன செய்வது?” பல ஆண்டுகளாக நான் ஒரே விடையைத்தான் சொல்லி வந்தேன்: “பார்க்க விடாதீர்கள். பேய் என்று எதுவும் இல்லை என்று சொல்லுங்கள்.” அந்த விடை பாதிதான் சரி என்பதை ஒரு மாணவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். அவனைப் பற்றி இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன், அரை நூற்றாண்டுக்கும் முற்பட்ட அமெரிக்கத் தொலைக்காட்சி நெடுந்தொடர் ஒன்றின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். பேய்க்கதை குழந்தைகளுக்கு என்ன செய்கிறது என்பதை எனக்கு விளங்க வைத்தது அந்த வரலாறுதான்.

அத்தொடரின் பெயர் ‘டார்க் ஷேடோஸ்’. கருநிழல்கள் என்று தமிழில் சொல்லலாம். ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வாரத்திற்கு ஐந்து நாள், பிற்பகலில் ஒளிபரப்பானது. மொத்தம் 1,225 பகுதிகள். பள்ளி மணி அடித்ததும் மாணவர்கள் புத்தகப்பையோடு வீட்டிற்கு ஓட்டம் பிடிப்பார்களாம். அக்காலத்தில் சிறுவர்களாக இருந்த அமெரிக்கர்கள் அத்தொடரைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுகூர்வது இந்த ஓட்டத்தைத்தான்.

சவர்க்காரமும் சவப்பெட்டியும்

நெடுந்தொடரை ஆங்கிலத்தில் ‘சோப் ஓபரா’ என்கிறார்கள். 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேர நாடகங்களுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் விளம்பரம் கொடுத்து ஆதரவளித்தன. வீட்டுவேலைகளுக்கு இடையே வானொலி கேட்கும் பெண்களே அந்நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள். குடும்பச் சண்டை, காதல், சொத்துத் தகராறு, மறைத்து வைக்கப்பட்ட உறவு ஆகியவையே அந்நாடகங்களின் சரக்கு. தொலைக்காட்சி வந்தபோது அதே சரக்கு அதே நேரத்தில் படமாக வந்தது. நம் வீடுகளில் மாலை நேரத்தில் ஓடும் தமிழ்த் தொடர்களைப் பார்ப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு புறம், கோதிக் கதை என்னும் இலக்கிய வகை இருக்கிறது. இதற்கு வயது மிகுதி. ஆங்கிலேயரான ஹோரஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்னும் புதினத்தை இவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்வர். பழைய மாளிகை, இருண்ட படிக்கட்டு, சுவரில் தொங்கும் மூதாதையர் ஓவியம், எவரும் திறக்கக்கூடாத கதவு ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். இரத்தக்காட்டேரி இதற்குள் பின்னர் நுழைந்தது. 1819-இல் வெளிவந்த மருத்துவர் ஜான் பொலிடோரியின் கதையில் அது நாகரிகமான ஒரு பிரபுவாக வந்தது. 1845 முதல் 1847 வரை ‘வார்னி’ என்னும் இரத்தக்காட்டேரிக் கதை மலிவு விலையில் வாரந்தோறும் தொடராக வெளிவந்தது. 1872-இல் ஷெரிடன் லே ஃபனு எழுதிய ‘கார்மில்லா’வும், 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வும் அதற்கு நிலையான வடிவம் தந்தன.

ஆக, இரத்தக்காட்டேரியும் தொடர்கதையும் தொலைக்காட்சி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உறவு கொண்டாடியவை. இரண்டுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதுதான் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட இரகசியம்.

இரயிலில் வந்த பெண்

இத்தொடரை உருவாக்கியவர் டான் கர்ட்டிஸ். இரயில் பயணம் செய்யும் ஓர் இளம்பெண்ணைத் தாம் கனவில் கண்டதாகவும், அதிலிருந்தே கதை பிறந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். ஆர்ட் வாலஸ் என்னும் எழுத்தாளர் அக்கனவைக் கதையாக விரித்தார்.

அநாதை இல்லத்தில் வளர்ந்த விக்டோரியா விண்டர்ஸ் தன் பெற்றோர் யாரென அறியாதவள். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தில், காலின்ஸ்போர்ட் என்னும் கற்பனைக் கடலோர ஊருக்கு அவள் வருகிறாள். அங்குள்ள காலின்வுட் மாளிகையில் டேவிட் என்னும் சிறுவனுக்கு வீட்டாசிரியை வேலை கிடைத்திருக்கிறது. முன்பின் அறியாத அக்குடும்பம் தன்னை ஏன் தேடி அழைத்தது என்பது அவளுக்குப் புரியவில்லை. அந்த மாளிகையில் தன் பிறப்பின் இரகசியம் கிடைக்கலாம் என்று நம்புகிறாள்.

முதலில் கதையில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இருந்தவை எல்லாம் மனிதர்கள் மறைத்தவை. மாளிகையின் தலைவி எலிசபெத் 18 ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியே காலடி வைக்காதவர். ஹாலிவுட்டில் புகழ்பெற்றிருந்த ஜோன் பென்னட் இப்பாத்திரத்தில் நடித்தார். எலிசபெத் ஏன் வெளியே வருவதில்லை? சண்டையில் தம் கணவரை அடித்துக் கொன்றுவிட்டதாகவும், கணவரின் நண்பர் ஜேசன் அந்த உடலை வீட்டின் நிலவறையில் புதைத்துவிட்டதாகவும் அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த அறையைப் பூட்டிவிட்டு அவர் காவல் இருந்தார். சிறைக்காவலரும் கைதியும் அவரே.

நேயர் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. தொடர் நிறுத்தப்படும் நிலை வந்தது. கர்ட்டிஸ் துணிந்து ஆவிகளை உள்ளே கொண்டுவந்தார். அப்படியும் போதாமல் 1967 ஏப்ரலில் இரத்தக்காட்டேரியைக் கொண்டுவந்தார். அதன்பின் தொடரின் தலையெழுத்தே மாறியது.

சங்கிலியை அறுத்தவன்

இனி நான் சொல்லப்போவது இத்தொடர் வரலாற்றில் பலரும் கடந்து போகும் ஓர் இடம். இரத்தக்காட்டேரி எப்படி வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எலிசபெத்தின் இரகசியத்தை அறிந்த ஜேசன் 18 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருகிறான். “சொல்லிவிடுவேன்” என்று மிரட்டியே அந்த வீட்டில் தங்குகிறான், பணம் பறிக்கிறான். அவனோடு வில்லி லூமிஸ் என்னும் அடியாளும் வந்து ஒட்டிக்கொள்கிறான். காலின்ஸ் குடும்பத்தின் பழைய நகைகள் கல்லறை மண்டபத்தில் புதைந்திருக்கலாம் என்று கேள்விப்பட்ட வில்லி, இரவில் அங்கே போய்த் தேடுகிறான். மறைவறை ஒன்று தென்படுகிறது. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்ட சவப்பெட்டி. புதையல் என்று எண்ணிச் சங்கிலியை உடைத்து மூடியைத் தூக்குகிறான். உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பற்றுகிறது.

எலிசபெத் உண்மையை மறைக்காதிருந்தால் ஜேசனுக்கு அந்த வீட்டில் இடமில்லை. ஜேசன் இல்லையென்றால் வில்லி இல்லை. வில்லி இல்லையென்றால் சவப்பெட்டி திறந்திருக்காது. வீட்டின் கீழே பூட்டி வைத்த மனித இரகசியந்தான் வெளியே கிடந்த கொடுமைக்குக் கதவு திறந்துவிட்டது.

மிரட்டல் எல்லை மீறி, ஜேசன் எலிசபெத்தை மணக்கவே முற்படுகிறான். மணவிழாவில் எல்லோர் முன்னிலையிலும் எலிசபெத் உண்மையைச் சொல்லிவிடுகிறார். நிலவறையைத் திறந்து பார்த்தால் அங்கே பிணமே இல்லை! கணவர் சாகவே இல்லை. 18 ஆண்டுச் சிறைவாசம் ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்டிருந்தது. உரக்கச் சொன்ன அந்நொடியிலேயே இரகசியத்தின் பிடி தளர்ந்துவிட்டது. ஆனால், அதற்குள் இரத்தக்காட்டேரி வீட்டு விருந்தாளியாகிவிட்டது.

ஆசிரியராகப் போக இருந்தவர்

அந்த இரத்தக்காட்டேரியின் பெயர் பார்னபஸ் காலின்ஸ். நடித்தவர் ஜோனதன் ஃபிரிட். கனடாவின் ஹாமில்டன் நகரில் 1924-இல் பிறந்தவர். ஏல் பல்கலைக்கழகத்தில் நாடக இயக்கம் பயின்றவர். மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்து வந்த அவர், மேற்குக் கடற்கரைக்குச் சென்று நடிப்புக் கற்பிக்கும் ஆசிரியராகிவிடலாம் என்று எண்ணியிருந்த வேளையில்தான் இவ்வாய்ப்பு வந்தது. சில வாரங்களுக்கான வேலை என்றே ஒப்புக்கொண்டார். நேயர் கடிதங்கள் குவிந்தன. நான்கு ஆண்டுகள் தங்கிவிட்டார்.

ஃபிரிட்டுக்கு வசனம் மனப்பாடம் செய்வது கடினமாக இருந்தது. நாள்தோறும் புதிய வசனம். ஒத்திகைக்கு நேரம் குறைவு. மறந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவர் கண்களில் தெரிந்தது. அதுவே அவருக்கு நன்மையாயிற்று. ஏனெனில் பார்னபஸ் எந்நேரமும் பிடிபட்டுவிடுவோமோ என்று அஞ்சும் பாத்திரம். நடிகரின் உண்மையான நடுக்கத்தை நேயர்கள் பாத்திரத்தின் நடுக்கமாக ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை மிரட்டியே வந்த இரத்தக்காட்டேரி, வெட்கமும் வருத்தமும் உடைய ஒருவனாகத் தெரிந்தது.

தொடர் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் இருந்த சிறிய ஒளிப்பதிவுக் கூடத்தில் தயாரானது. மாளிகையின் வெளித்தோற்றத்திற்கு ரோட் ஐலண்ட் மாநிலம் நியூபோர்ட்டில் உள்ள உண்மையான மாளிகை ஒன்றைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நேரடி நாடகம்போல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் ஒளிநாடாவில் பதிவு செய்தனர். அக்காலத்தில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு மிகுந்த வேலை. எனவே ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழுந்தாலும், நடிகர் தடுமாறினாலும், கல்லறைக் கல் ஆடினாலும் அப்படியே ஒளிபரப்பானது. இன்று பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அச்சிறுவர்கள் சிரிக்கவில்லை. கதை அவர்களைப் பிடித்திருந்தது.

1795: தந்தை சொன்ன பொய்

1967 நவம்பரில் இத்தொடர் துணிச்சலான ஒரு செயலைச் செய்தது. ஆவியை அழைக்கும் கூட்டம் ஒன்றின்போது விக்டோரியா 1795-ஆம் ஆண்டுக்குத் தூக்கிச் செல்லப்படுகிறாள். பல மாதங்களுக்கு நிகழ்காலக் கதையை நிறுத்தி வைத்துவிட்டு, அதே நடிகர்களை மூதாதையராக நடிக்க வைத்தார்கள். ‘இந்தக் கொடுமை எங்கிருந்து தொடங்கியது?’ என்னும் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. வரலாற்றுப் பாடம் நடத்தும் நமக்கு இந்த உத்தியின் அருமை புரியும்.

இளைஞன் பார்னபஸ் மார்ட்டினிக் தீவில் ஆஞ்செலிக் என்னும் பணிப்பெண்ணோடு உறவு கொண்டிருந்தான். பிறகு அவளுடைய எசமானர் குடும்பத்துப் பெண் ஜோசெட்டை மணக்க விரும்பி, பழைய உறவை மறைத்தான். ஆஞ்செலிக் ஒரு சூனியக்காரி. அவளிட்ட சாபத்தால் அவன் இரத்தக்காட்டேரி ஆனான். அவனுக்குச் சாரா என்றொரு சின்னத் தங்கை. அண்ணனின் கோர உருவத்தைக் கண்டு இரவில் வெளியே ஓடிப் பதுங்கிய அக்குழந்தை, குளிரில் நோய்வாய்ப்பட்டு இறந்தாள்.

தந்தை ஜோஷுவா உண்மையை அறிகிறார். “என்னைக் கொன்றுவிடுங்கள்” என்று மகன் கெஞ்சுகிறான். பெற்ற மனம் இசையவில்லை. மகனைச் சவப்பெட்டிக்குள் அடைத்துச் சங்கிலி போடச் செய்கிறார். ஊராருக்கு, “பார்னபஸ் இங்கிலாந்து போய்விட்டான்” என்று சொல்கிறார். குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது.

இனி 1967-ஐ நினைத்துப் பாருங்கள். சவப்பெட்டியிலிருந்து எழுந்த பார்னபஸ் மாளிகையின் கதவைத் தட்டித் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்கிறான்? “நான் இங்கிலாந்திலிருந்து வந்த உறவினன்.” தந்தை அன்று சொன்ன அதே பொய்தான் அவனுக்கு நுழைவுச் சீட்டு! கூடத்துச் சுவரில் அவனுடைய ஓவியமே தொங்குகிறது. “மூதாதையரைப் போலவே இருக்கிறாரே” என்று குடும்பத்தார் மகிழ்ந்து, பழைய வீட்டையும் அவனுக்குத் தந்துவிடுகிறார்கள். மானத்துக்காகச் சொன்ன பொய் 170 ஆண்டுகள் உயிரோடு இருந்து, காப்பாற்ற நினைத்த குடும்பத்தையே கடிக்க வருகிறது.

ஆசிரியர் என்ற முறையில் இரண்டு குறிப்புகள். தொடரில் 1795-இல் விக்டோரியாவைச் சூனியக்காரி என்று குற்றம் சாட்டித் தூக்குமரம் வரை கொண்டுபோகிறார்கள். வரலாறு அப்படியன்று. மாசசூசெட்ஸ் பகுதியின் சேலத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்ட சூனிய வழக்குகள் 1692-இல் நடந்தவை. மேய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதியாகவே இருந்தது உண்மை. ஆனால் 1795-இல் அத்தகைய வழக்கு நடக்க வழியில்லை. கதாசிரியர்கள் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டார்கள்.

அடுத்தது, மார்ட்டினிக் தீவு. அது கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பால் செழித்த நிலம். பிரான்சு 1794-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. அதே ஆண்டு மார்ட்டினிக் பிரிட்டன் கைக்குப் போனதால் அங்கே அடிமைமுறை தொடர்ந்தது. ஜோசெட்டின் பட்டாடைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றித் தொடர் பேசவில்லை. மாளிகை இரகசியங்களைப் பற்றிய கதைக்குள்ளும் திறக்கப்படாத ஓர் அறை இருக்கத்தான் செய்கிறது.

சொன்னவன் சிறுவன்

இப்போது நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். அதுதான் சிறுவன் டேவிட்.

தொடரின் தொடக்கத்தில் டேவிட் நல்ல பிள்ளை அல்லன். தன் தந்தை ரோஜரின் காரில் நிறுத்தக் கருவியைக் கெடுத்து அவரைக் கொல்லவே முயன்றவன். ரோஜர் தம் மகனை வெளிப்படையாக வெறுத்தவர். முரட்டுப் பிள்ளையின் பின்னால் என்ன இருக்கும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும். விக்டோரியா பொறுமையாக அவன் நம்பிக்கையைப் பெறுகிறாள்.

பார்னபஸ் வந்தபின், அவ்வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் அவனுடைய நாகரிகத்தில் மயங்கிக் கிடக்கிறார்கள். இறந்துபோன சாரா ஆவியாக வந்து டேவிட்டோடு விளையாடுகிறாள். உணவு விடுதிப் பணிப்பெண் மேகியைப் பார்னபஸ் கடத்தி அடைத்து வைத்தபோது, ஒரு விடுகதை சொல்லித் தப்பும் வழியைக் காட்டியவளும் சாராவே. டேவிட் கல்லறை மண்டபத்தின் மறைவறையில் மாட்டிக்கொண்டு மீள்கிறான். பார்னபஸிடம் ஏதோ கொடுமை இருப்பதை உணர்கிறான். பெரியவர்களிடம் சொல்கிறான். “கனவு கண்டிருப்பாய்.” “உனக்குக் கற்பனை அதிகம்.” எவரும் நம்பவில்லை. நம்பத் தொடங்கிய ஒரே பெரியவர் மருத்துவர் உட்வர்ட். அவர் கொல்லப்படுகிறார்.

அக்கொலையில் கூட்டாளியாக இருந்தவரும் ஒரு மருத்துவரே. ஜூலியா ஹாஃப்மன் என்னும் அம்மருத்துவர் பார்னபஸின் உண்மையைக் கண்டுபிடித்தவர். அவனை நோயாளியாகக் கருதிக் குணப்படுத்த முயல்கிறார். அதற்காகத் தம்மிடம் சிகிச்சை பெற்ற மேகியின் நினைவை மனவசியத்தால் அழித்துவிடுகிறார். காப்பாற்ற வேண்டியவரே வாயை அடைக்கிறார். இத்தொடரில் என்னை மிகவும் அச்சுறுத்திய காட்சி இதுதான். அதில் பல்லும் இல்லை, இரத்தமும் இல்லை.

நாள்தோறும் ஓடி வந்து பார்த்த பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள் என்று இப்போது எனக்குப் புரிகிறது. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் எப்போதும் அறிவார்கள். சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதையும் அறிவார்கள். தங்களைப் போன்ற ஒரு சிறுவன் உண்மையைச் சொல்கிறான், அவன் சொல்வது சரி என்று தங்களுக்குத் தெரிகிறது. அந்த நியாயம் அவர்களுக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

என் வகுப்பில்

இனி என் மாணவன். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

நான்காம் ஆண்டுப் பையன். கழிப்பறைக்குப் போக மறுத்தான். பள்ளியின் பின்புறம், செம்பனை மரங்களை ஒட்டிய கழிப்பறை அது. ஒருநாள் வகுப்பிலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். ஏனென்று கேட்டேன். “அங்க பொந்தியானாக் இருக்கு டீச்சர்” என்றான்.

மகப்பேற்றில் இறந்த பெண் இரத்தம் குடிக்கும் ஆவியாவாள் என்னும் மலாய் நம்பிக்கையை இங்குள்ள எல்லா இனத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். 1957-இல் பி.என். ராவ் இயக்கத்தில் மரியா மெனாடோ நடித்து வெளிவந்த ‘பொந்தியானாக்’ படம் தொடங்கி, எத்தனையோ படங்களில் அவள் வந்துவிட்டாள். எனவே எனக்கு வியப்பில்லை. நான் கற்ற கல்வியின்படி அறிவியல் முறையில் அவனுக்குத் தெளிவு தர நினைத்தேன். பேய் என்று எதுவுமில்லை என்று வகுப்புக்கே விளக்கினேன். பிறகு, “நீயே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நண்பர்களிடம் சொல்” என்று அவனை அனுப்பினேன். போனான். வந்தான். “ஒன்னும் இல்ல டீச்சர்” என்றான். வகுப்பு கைதட்டியது. நான் பெருமைப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்துத் துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒருவர் என்னிடம் வந்து சொன்னார். ஆறாம் ஆண்டுப் பையன்கள் இருவர் அந்தக் கழிப்பறையில் காத்திருந்து சின்னப் பிள்ளைகளின் சிற்றுண்டிக் காசைப் பிடுங்குகிறார்களாம். தராதவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்களாம். வெளியே சொன்னால் பொந்தியானாக் இரவில் வீட்டுக்கே வரும் என்று மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

பையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவன் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் சொன்னேன்தானே டீச்சர்” என்றான்.

ஆம், சொன்னான். அவனுக்குச் சொல்ல அனுமதி இருந்த ஒரே சொல்லால் சொன்னான். நானோ அந்தச் சொல் பொய் என்று நிறுவுவதிலேயே குறியாக இருந்துவிட்டு, அவனைத் தன்னந்தனியாக அவர்களிடமே அனுப்பி வைத்தேன். அந்த இரு மாணவர்களின் பெற்றோரும் அழைக்கப்பட்டனர். கழிப்பறைப் பக்கம் ஆசிரியர் கண்காணிப்பும் வந்தது. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை அப்பையன் என்னிடம் வேறு எதையும் சொல்லவில்லை.

கதவைத் தட்டுங்கள்

‘டார்க் ஷேடோஸ்’ 1971-இல் முடிந்தது. இறுதிக் கதையில் பார்னபஸ் இல்லை. ஃபிரிட் வேறு பாத்திரத்தில் நடித்தார். 1991-இல் மறு ஆக்கம் வந்தது. 2012-இல் டிம் பர்ட்டன் இயக்கத்தில் ஜானி டெப் நடித்த படம் வந்தது. அப்படத்தில் ஒரு நொடி தலைகாட்டிய ஃபிரிட், அதே ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். அக்காலத்துப் பகல் நேரத் தொடர்கள் பலவற்றின் ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இத்தொடரோ ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

ஆனால் விக்டோரியா யார் பெற்ற மகள் என்னும் முதற்கேள்விக்கு 1,225 பகுதிகளிலும் விடை சொல்லப்படவே இல்லை. அந்நடிகை 1968-இல் விலகினார். கேள்வி அப்படியே நின்றுவிட்டது. எலிசபெத்தே அவளுடைய தாயாக இருக்கலாம் என்று நேயர்கள் ஊகித்தார்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் அமர்ந்தும் ஒருவர் சொல்லாமலும் மற்றவர் அறியாமலும் போய்விட்டார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை எதைப் பார்க்கலாம் என்பதை அதன் வயதறிந்து நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நான் வேண்டுவது ஒன்றுதான். பிள்ளை பேயைப் பற்றிப் பேசினால், ‘பேய் இல்லை’ என்று உடனே கதையை முடித்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் வருகிறது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், இதை உன்னிடம் சொன்னது யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வெறும் கதையாகவே இருக்கும்; சிரித்துவிட்டு உறங்கப் போகலாம். எப்போதாவது ஒருமுறை, அந்தப் பேய்க்கு ஒரு மனிதனின் முகம் இருக்கும்.

இப்போதெல்லாம் என் வகுப்பில் எவராவது “டீச்சர், அங்க பேய் இருக்கு” என்றால் நான் பாடத்தை நிறுத்திவிடுகிறேன். “வா, சேர்ந்து போய்ப் பார்ப்போம்” என்று உடன் செல்கிறேன்.